முப்பத்திரண்டாம் கேள்வி

இந்த வினாத்தொகுப்புக்கு அட்டை இல்லை.
முதலில் கியெத்தின் அக்கா எழுதினாள்,
பிறகு கியெத்,
இப்போது நான்.
மூன்று பேரின் பென்சிலும் ரப்பரும் பட்டுப்பட்டு
சில இடங்களில் தாள் மெலிந்து
அடுத்த பக்கத்தின் கேள்வி தெரிகிறது.

நாற்பது கேள்வி, ஐம்பது நிமிடம்.
ஜூனில் தேர்வு.
துய் ஹ்வா மீன்துறையில்
அம்மா ஐஸ் அள்ளும் கொட்டகைதான் படிப்பறை,
தெர்மோகோல் பெட்டியின் மூடி மேசை.
புதுச் சொற்களை மூடியிலேயே எழுதிப் பழகுவேன்:
டிக்ளைன். ஸ்கேர்ஸ். வல்னரபிள்.
பெட்டி நிறைந்ததும் மூடியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.
சூரை மீனுக்கு மேலே படுத்து
என் சொற்கள் சாய்கோனுக்கு லாரி ஏறும்.
அங்கே எவனோ பெட்டியைத் திறக்கும்போது
வல்னரபிள் என்பதில்
ஓர் எல் விட்டுப்போயிருப்பதைப் பார்ப்பான்.
பார்க்கட்டும்.

கியெத் போன வருஷம் தேறவில்லை.
ஐஸ் ஆலையில் இரவு வேலை,
என்னிடம் இலவச ஆலோசனை.
"பத்தியை முழுசா வாசிக்காதே,
கேள்வியைப் பார்த்துவிட்டு வாக்கியத்தைத் தேடு.
ஒன்றுமே தெரியாவிட்டால் சி போடு."

அதுவரை எனக்கு வாய்த்த பத்திகள்
பனிக்கரடியைப் பற்றி,
லண்டன் பூங்காவைப் பற்றி,
தபால்தலை சேர்க்கும் ஒரு பையனைப் பற்றி.
அன்று வந்தது மீன்.
மீனவர்கள் மீன்களைத் தேடி
வருஷத்துக்கு வருஷம் இன்னும் தூரம் போகிறார்கள்,
ஆனால் 'தே' திரும்பி வருவதில்லை.

கேள்வி முப்பத்திரண்டு:
மூன்றாம் பத்தியில் 'தே' எதைக் குறிக்கிறது?
ஏ, மீன்கள்.
பி, படகுகள்.
சி, மீனவர்கள்.
டி, ஆய்வாளர்கள்.

எங்கள் மொழியில் இந்தத் தொல்லை கிடையாது.
ஆளென்றால் 'ஹோ'.
மீனென்றால் 'சூங்'.
(திட்டும்போது மட்டும் ஆட்களையும் சூங் என்போம்.)
ஆங்கிலம்தான்
மீனையும் மீன் பிடிக்கிறவனையும்
ஒரே வலையில் போட்டு இழுக்கிறது.

அப்பா போய் இருபத்தாறு நாள்.
பௌர்ணமிக்குள் வந்திருக்க வேண்டும்.
நிலா ஒரு பக்கம் தேய ஆரம்பித்துவிட்டது.
நாலு நாளாக வயர்லெஸ்ஸில்
எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம் மட்டும்.
அம்மா அதை அணைக்கவும் இல்லை,
அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

விடை தெரியும்.
இருந்தும் பென்சில் சி மேல் போய் நின்றது.
அப்போதுதான் கவனித்தேன்,
புத்தகத்திலேயே மிக மெலிந்த இடம் அதுதான்.
அக்கா வட்டமிட்டு அழித்திருக்கிறாள்.
அதன் மேல் கியெத்தும்.
சி என்ற எழுத்தே பாதிதான் மிச்சம்.
விரலை அடியில் வைத்தால்
நகம் தெரிகிறது.

தாளைத் தூக்கி அவனிடம் காட்டினேன்.
கியெத் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து வந்து
என் காலருகே விட்டான்.
குனிந்து பார்க்கவில்லை.
"அது மட்டும் ஏ," என்றான்.
"ஏ போடு."

ஏ போட்டேன்.
முனை உடைகிற அளவுக்கு அழுத்தி.

இருபத்தெட்டாம் நாள் விடியற்காலையில்
படகு வந்தது.
ஒன்பது சூரை, அதில் இரண்டு சிறியவை.
வயர்லெஸ் பேட்டரி செத்துப்போச்சு என்றார் அப்பா,
வாழைப்பழம் வாங்க மறந்துபோச்சு என்கிற மாதிரி.
டீசல் கணக்கைப் பார்த்து அம்மா
முதல்முறையாக அவரைத் திட்டினாள்.
நெடுநேரம் திட்டினாள்.

ஒன்பதுக்கும் பெட்டி வேண்டியிருந்தது,
மேசை போய்விட்டது.
மடியில் வைத்துத் தொடர்ந்தேன்.

முப்பத்துமூன்று:
இப்பகுதியை எழுதியவரின் மனநிலை என்ன?

ஒன்றுமே தெரியவில்லை.
சி போட்டேன்.