சம்சாரிப்பு

மூணரைக்கே எழும்பியாச்சு.
நெற்றி விளக்கும் கத்தியும் எனக்கு,
வாளி அவருக்கு.
தாளை வீட்டிலேயே வைத்துவிட்டோம்,
அஞ்சு நாளில் எனக்கு அது மனப்பாடம்.
கேள்வி என் பங்கு. பதில் அவர் பங்கு.
ஒரு மரத்துக்கு ஒன்று.

வாட் இஸ் யுவர் நேம்?
நாயக் பிரைட்சிங், சார்.
பேரிலேயே பாதி இங்கிலீஷ் இருக்கிற மனுஷன்,
சருகுக்குள்ளே குதிகாலைச் சேர்த்து வைத்து
எனக்குப் பின்னால் விறைத்து நிற்கிறார்.
சார் வேண்டாம், இது பேச்சுப் பரிட்சை
பரேடு இல்லை, என்கிறேன்.
சரி சார், என்கிறார்.

நீலத் தொப்பி போட்டு
கடல் தாண்டிப் போகிற கூட்டத்துக்கு
ஆள் எடுக்கிறார்கள்.
சுடத் தெரியும், ஓடத் தெரியும்,
பனியில் நின்றதுக்குக் கால்விரல் சாட்சி.
பேசவும் வேண்டுமாம்.

வேர் ஆர் யூ ஃப்ரம்?
அருமனை.
அது எங்கே?
நியர் மார்த்தாண்டம்.
அது எங்கே?
நியர் நாகர்கோவில்.
அதுவும் தெரியாத ஆபீசர் என்றால்?
வாளியைக் கை மாற்றிக்கொண்டு யோசிக்கிறார்.
லாஸ்ட், சார். இண்டியா லாஸ்ட்.
நான் வெட்டின கோட்டில்
பால் இறங்கிச் சிரட்டையைத் தொடுகிற வரைக்கும்
எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

பேசுகிறதுக்கு எங்கள் பக்கம் சம்சாரிக்கிறது என்றுதான் சொல்வோம்.
பாரக்கில் ஒரு மதுரைக்காரர்
சம்சாரம் எப்படி இருக்கு என்று கேட்டாராம்,
இவர் சொன்னாராம்: இந்தி கொள்ளாம், இங்கிலீஷ் கொஞ்சம் மோசம்.
பத்து வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.
மதுரைக்காரர் கேட்டது என்னைப் பற்றி.

இனி செக்போஸ்ட்.
அவர் சிப்பாய், நான் கார்.
ஸ்டாப் ப்ளீஸ். ஷோ மீ யுவர் பேப்பர்ஸ்.
எஸ் சார், ஹியர் சார், தேங்க்யூ சார் என்று
தாளில் இருக்கிற டிரைவர் நல்லவர்.
ஒரு வாரமாக அந்த நல்லவராகவே இருந்து
எனக்கு அலுத்துவிட்டது.
நோ பேப்பர்ஸ், என்றேன்.
பேப்பர்ஸ் ப்ளீஸ்.
நோ பேப்பர்ஸ். மை பேபி ஃபீவர். ஓப்பன் தி ரோடு.
இது தாளில் இல்லியே புஷ்பலெட்.
தமிழில் பேசினால் மார்க் குறையும்.
பேபி ஃபீவர், சார். பேபி ஐ இஸ் கோயிங் அப்.
ஸ்டாப், என்றார். பிறகு வெயிட்.
பிறகு ஒன்றும் வரவில்லை.
நெற்றி விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினேன்,
கண்ணை மூடிக்கொண்டார்.
கோ, என்றார். கோ, கோ.
நான் நடக்க வாளியை விலக்கி வழிவிட்டார்,
கொஞ்சம் பால் தரையில் சிந்தியது.
கண்டாக்கு முதலாளி விடமாட்டார்.

பிள்ளை இப்போது மூன்றாம் கிளாஸ்.
வீட்டில் போர்வைக்குள்ளே ஒரு காலை வெளியே நீட்டித் தூங்கும்.

யுவர் ஹாபி?
வாலிபால்.
யுவர் ஃபேமிலி?
மை ஃபேமிலி ஈஸ் ஸ்மால் அண்ட் ஹாப்பி.
அதை மட்டும் திக்காமல் சொல்கிறார்.

கீழ்வரிசை தொடங்கும்போது வெளுத்துவிட்டது.
சர்ச் ஒலிபெருக்கி கரகரத்து, நின்று, மறுபடி கரகரத்தது.
தாளின் கடைசி வரி:
டூ யூ ஹாவ் எனி கொஸ்டின்?
நோ சார் என்றால் போதும். தினம் அப்படித்தான்.
இன்றைக்கு வாளியைக் கீழே வைத்தார்.
ஓரத்தில் காய்ந்த பாலை நகத்தால் உரித்தார்,
ரப்பர்போல நீளமாக வந்தது.
தட் நைட், என்றார்.
குழித்துறை பிரிட்ஜ்.
ஹூ ஸ்டாப் யூ?

இலக்கணம் பிசகு. திருத்தவில்லை.
யாரென்று எனக்கும் தெரியாது,
ஒரு விசில், ஒரு டார்ச்,
ஆட்டோவுக்குள்ளே குனிந்த ஒரு தொப்பி.
அதை இங்கிலீஷில் சொல்ல
என் பங்கில் வார்த்தை இல்லை.
அடுத்த மரத்தின் பட்டையில் கத்தியை வைத்தேன்.
பின்னால் வாளி அசைகிற சத்தத்துக்காக
நின்றேன்.