முஷ்டியை மூடுங்கள்

காலை ஆறரைக்கே வரிசை
லிஃப்ட் வரை வந்துவிடும்.
நான் நர்ஸ் இல்லை. ரத்தம் எடுப்பவள்.
எல்லோரும் சிஸ்டர் என்கிறார்கள்,
திருத்துவதை விட்டுப் பதினோரு வருஷம்.

ரப்பர் பட்டையைக் கட்டி
முஷ்டியை மூடச் சொல்லி
நரம்பைத் தட்டிக்கொண்டே கேட்பேன்:
உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?
எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.
அவர்கள் யோசிக்கத் தொடங்குகிற இடத்தில்
ஊசி உள்ளே போயிருக்கும்.

பேரணாம்பட்டு தோல் ஷெட்காரர்,
நகமெல்லாம் நீலம்,
"எலுமிச்சங்கா வாசன" என்றார்.
"மூக்குல வேற ஒண்ணும் நிக்கமாட்டேங்குதும்மா.
அது ஒண்ணுதான் இன்னும் உள்ள வருது."

காட்பாடி யார்டு பாயிண்ட்ஸ்மேனுக்கு
ராத்திரி மூணு மணி,
இரண்டு ரயில்களுக்கு நடுவே
தவளைச் சத்தம் மட்டும் கேட்கிற ஒன்பது நிமிஷம்.
ஒன்பதுதான். கணக்கு வைத்திருக்கிறார்.

குடியாத்தத்துப் பெண்ணுக்கு
மூத்த பையன் வைக்கிற ரசம்.
அவ்வளவு நல்லா வைப்பானா?
"அவனுக்கு இன்னா தெரியும், வெறும் புளித்தண்ணி.
ஆனா அன்னிக்கு நான் ஒக்காந்துகினு இருப்பேன்ல."

ஜவ்வாது மலைப் பையன், எட்டு வயசு:
"இந்த லிஃப்ட்டு."
அழ மறந்துவிட்டான்.

மேதினிபூரிலிருந்து வந்தவர்
ஒரு மீனின் பெயரைச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை.
ஊசி இருந்த கையை அசைக்காமல்
மற்றக் கையால் காற்றில் வரைந்தார்:
முதுகு, வயிறு, வால்,
முள் எத்தனை என்று விரல் மடக்கி
விரல் போதாமல் சிரித்தார்.
அன்று சாயங்காலம் காந்தி ரோட்டில்
வங்காள எழுத்துப் பலகை தொங்கும் மெஸ் வாசலில்
அதே மீனை நான் வரைந்தேன்.
"இலிஷ்" என்றான் பரிமாறும் பையன்.
"இப்ப சீசன் இல்ல, தீதி."

ஆற்காட்டிலிருந்து ஒருவர்,
சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பத்திரம் எழுதுகிறவர்.
"அப்படி எதுவும் இல்லம்மா" என்றார்.
நரம்பும் அப்படித்தான், எங்கேயும் இல்லை.
இரண்டு கையிலும் குத்திவிட்டுக்
கடைசியில் புறங்கையில் எடுத்தேன்.
பஞ்சை அழுத்தியபடி கதவு வரை போனவர்
திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி,
"மக்கன் பேடா. உள்ளே முந்திரி இருக்கும் பாருங்க,
அத மட்டும் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வச்சுக்குவேன்."
சாம்பல் மூடி டியூபில்
அவருடைய சர்க்கரை அப்போதுதான்
லேபிள் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

போன வியாழக்கிழமை எனக்கே தைராய்டு டெஸ்ட்.
பக்கத்து கவுண்டர் நிலோஃபர் பட்டையைக் கட்டினாள்.
"சொல்லுக்கா, உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"
என் கேள்வி, என் ராகம், என் தந்திரம்.
தெரிந்தும் யோசித்தேன்.

முள்ளுக் கத்திரிக்காய்?
அது ஊருக்குப் பிடித்தது. நான் சமைப்பதோடு சரி.
கோட்டை அகழிப் பக்கம் மே மாதக் காற்று?
அப்படி ஒன்று வந்ததே இல்லை.
பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்
பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு
ஊரே எட்டிப் பார்த்தது?
அதுகூட யாரோ நாற்காலியில் உட்கார்ந்து
சொல்லிவிட்டுப் போனது.
எலுமிச்சை, தவளை, புளித்தண்ணி, ஒரு மீன்,
எல்லாம் இருந்தன. என்னுடையது மட்டும்
கைக்கு அகப்படவில்லை.

"இருடி, சொல்றேன்."
"முடிஞ்சுபோச்சுக்கா. கைய மடக்கு."

வீட்டுக்குப் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்
தொரப்பாடி தாண்டுகையில் வந்தது பதில்.
உடனே போன் போட்டேன்.

"நிலோ, முஷ்டிய விடுங்கன்னு சொல்லுவோமே,
அப்ப விரலுங்க திறக்கும் பாரு,
ஒண்ணு ஒண்ணா,
சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் லேட்டா.
எனக்கு அதான்."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம்.
"இதுக்கா போன் பண்ண?
எண்ணெய் காயுது. வெக்கிறேன்."