நேர்ந்துவிட்ட சேவல்

கையுறைத் தொழிற்சாலையில்
மூன்றாவது லைனை நிறுத்தப்போகிறார்கள் என்று
பேச்சு கிளம்பிய வாரம்
செம்பனைக் காட்டு முனியாண்டிக்கு
ஒரு சேவல் நேர்ந்துகொண்டேன்.
இவர் வேலை நிலைக்கட்டும்,
கழுத்தில் வெள்ளை விழுந்த அது உனக்கு.
பேரம் பேசவில்லை.
இருந்ததே ஒரு சேவல்.

வேலை நிலைக்கவில்லை.
பதினாலு வருடத்துக்கு ஒரு கடித உறை,
ஒரு கைகுலுக்கல்,
பாதுகாப்புக் காலணியைத்
திருப்பித் தரவேண்டாம் என்ற சலுகை.
மறுநாள் அந்தக் காலணியோடுதான்
குணாளன் வீட்டுக்குப் பின்னால் இறங்கினார்.

சுங்காயில் எங்கள் தாமானுக்கும் தோட்டத்துக்கும் நடுவே
மின்கம்பி போகும் நிலம்.
மழை நாளில் தலைக்கு மேல் கம்பி முணுமுணுக்கும்.
வீடு கட்டாதே, மரம் வளர்க்காதே என்று
பலகை வைத்திருக்கிறார்கள்.
மரவள்ளியைப் பற்றிப் பலகையில் ஒன்றுமில்லை.

முதல் மாதம் மண்வெட்டி அவரை வெட்டியது.
இரண்டாம் மாதம் கங்கோங் வந்தது,
வந்தது, வந்தது,
மகள் மேகவாணி தட்டைப் பார்த்து
"அம்மா, நாளைக்காவது பச்சையில்லாமல்" என்றாள்.
மூன்றாம் மாதம் கோழித் தீவனம் மூட்டைக்கு
ஒன்பது வெள்ளி ஏறியது.
ஆ செங் கடை நோட்டில் எங்கள் பக்கம் நிரம்பி
அடுத்த பக்கத்துக்குத் திரும்பியது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
பக்கத்தைத் திருப்பும்போது எச்சில் தொட்டுத் திருப்பினான்,
அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு ஞாயிறு இவர் சொன்னார்:
"சேவலைக் குழம்பு வை.
சாமி சொன்ன சொல் காப்பாற்றவில்லை.
ஒப்பந்தம் முறிந்தாச்சு."
தொழிற்சங்கத்தில் இருந்தவர்,
ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியும்.
"அவர் எங்கே கையெழுத்துப் போட்டார்?
போட்டது நான் மட்டும்தானே" என்றேன்.
அன்றைக்கு நெத்திலிச் சம்பல்.

இதற்குள் சேவல் சும்மா இருக்கவில்லை.
மாக் சோம் தன் அடைக்கோழியை இரவல் தந்தாள்.
பதினொரு முட்டை வைத்து ஏழு பொரித்தது.
இறகு முளைத்ததும் பார்த்தால்
ஏழில் ஐந்துக்குக் கழுத்தில் வெள்ளை.
இவர் வேலியில் சாய்ந்து
எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தார்:
"இப்போ எது என்று கேட்பாராம் உன் சாமி?"

போன வெள்ளிக்கிழமை
ஒரு சுருட்டு வாங்கிக்கொண்டு போனேன்.
எதையும் கேட்க வாய் வரவில்லை.
கணக்கு மட்டும் ஒப்பித்தேன்.
வாரம் முப்பது முட்டை.
பாசார் மாலாமில் பயத்தங்காய் போனது,
பாகற்காய் போகவில்லை.
ஆறாம் படிவத்துக்குக் கட்டியாச்சு,
பஸ் காசு இன்னும் இல்லை.
இரவில் மூன்று முறை எழுந்து உட்கார்ந்த மனுஷன்
இப்போது ஒருமுறைதான்.
தெனாகா ஆள் வந்து நிலத்தை அளந்து
குச்சியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனான்,
எதற்கென்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.
அதையும் சொன்னேன்.
முனியாண்டி அரிவாளை ஓங்கியபடியே இருந்தார்,
எப்போதும் போல.

திரும்பி வந்தால்
சிவப்புத் துணிக்கு அந்தப் பக்கம்
புதிதாய் இரண்டு பாத்தி.
"அளந்துவிட்டுப் போயிருக்கிறார்களே."
"இருக்கட்டும்."
"மரவள்ளிக்கு எட்டு மாதம் ஆகும்."
"ஆகட்டும்" என்றார்
சாமி இல்லை என்று சொல்லும் என் புருஷன்.
கூரைமேல் ஏறிய சேவல்
பகல் இரண்டு மணிக்குக் கூவியது.
"வந்து இந்தக் குச்சியைப் பிடி.
கணு மேலே பார்க்கட்டும்."

பிடித்தேன்.