கசிவுச் சோதனை

ஒவ்வொரு கையுறையிலும்
ஆயிரம் மில்லி தண்ணீர் ஊற்றி
இரண்டு நிமிடம் தொங்கவிட்டுப் பார்ப்பேன்.
ஒரு சொட்டு தெரிந்தால் மொத்தப் பெட்டியும் நிற்கும்.
பாகான் செராய்த் தொழிற்சாலையில்
ஏழு வருஷமாய் இதுதான் வேலை.

என்னை யாரும்
தொங்கவிட்டுப் பார்க்கவில்லை.

கவினேஷ் பிறந்தபோது வலப்பக்கம் வெட்டினார்கள்.
எல்லாருக்கும் வலப்பக்கம்தானாம்,
கைக்கு அதுதான் வாகு.
தையல் ஆறியது.
அப்புறம் செம்பனை லாரிக்குப் பின்னால்
மோட்டாரில் போகையில்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் பயந்தேன்.
நாலு வருஷமாய்க் கல்யாண வீட்டில்
வாய்விட்டுச் சிரித்ததில்லை.
குணசீலனிடம் வாயு என்றேன்.
ஓமத் தண்ணீர் வாங்கி வந்தார், பாவம்.

இது இரண்டாவது. ஏழாம் மாதம்.
ஈப்போவிலிருந்து ஒரு பெட்டியோடு வந்திருந்தாள் ஹஸ்லினா.
விரல் தடிமனில் ஒரு தண்டு,
சுற்றிலும் பதினாறு வெள்ளிப் பொட்டு.
ஊசி இல்லை அக்கா, ஷாக்கும் அடிக்காது,
உங்க சதை பேசுறதைக் கேட்கும், அவ்வளவுதான்
என்றாள் அரைத் தமிழும் முழு மலாயுமாய்.
அவள் மாட்டிய கையுறையின்
மணிக்கட்டுச் சுருளைப் பார்த்தேன்.
எங்களுடையது. கசியாது. அதற்கு நான் பொறுப்பு.

கெமுட், என்றாள். இறுக்கினேன்.
லெப்பாஸ். விட்டேன்.
திரையில் பதினாறு கோடுகள் துடித்தன.
ஓரிடத்தில் அலை இரண்டாய்ப் பிரிந்து
எதிரெதிரே ஓடியது.
சினி, என்று தொட்டுக் காட்டினாள்.
நரம்பு நுழையும் வாசல்.
இடப்பக்கம் பெயருக்கு ஓர் இழை.
வலப்பக்கத்தில்
வெட்டுக்குத் தப்பிய மிச்சம்.

வலப்பக்கம்.

அந்தத் தாதி நல்லவள்.
என் நெற்றி வியர்வையைத் தன் கைக்குட்டையால் துடைத்தவள்.
அவளிடம் இந்தப் படம் இருந்ததா என்ன?
குழாய் எங்கே ஓடுகிறதென்று பார்க்காமல்
ரோட்டைத் தோண்டுகிற ஊர் இது;
தெரு நனைந்த பிறகுதான் தெரியும்.

டாக்டர் தேன்மலர்
கர்ப்பப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதினார்:
வெட்டாமல் பார்க்கவும்.
வெட்டியே தீரவேண்டுமானால் இடது.
சத்தியம் பண்ண முடியாதும்மா, என்றார்,
ஆனா கண்ணை மூடிக்கிட்டு வெட்டமாட்டோம்.

மதிய ஷிப்ட்.
ஒரு கையுறையின் நடுவிரல் நுனியில்
முத்தாய் ஒரு சொட்டு.
அச்சு எண், வரிசை எண், விரல்
எல்லாம் எழுதி வைக்கும்போது இருமல் வந்தது.
கெமுட், என்றேன் எனக்கே.

பக்கத்து மேசை சரோஜினி திரும்பி,
யார்கிட்டடி பேசுறே, என்றாள்.