வெறும் வண்டி எடை

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
எனக்குக் கழித்தல்தான் வேலை.
குலைகளோடு லாரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும், இன்னோர் எண்.
இடையில் இருப்பதற்கு மட்டும்தான் காசு.
பதினோரு வருடம் இதைச் செய்தவளுக்கு
ஒரு பூச்சட்டியின் கணக்கா பிடிபடாது?

வியாழக்கிழமை பாசார் மாலாமில்
கருவாட்டுக்கும் கைப்பேசி உறைகளுக்கும் நடுவே வாங்கினேன்,
பன்னிரண்டு வெள்ளி.
கரித்துண்டு நிரப்பிய சட்டியில் ஐந்து தண்டுகள்,
ஒன்றில் மட்டும் பூ.
கத்திரிப்பூ நிறம், தொண்டையில் வெள்ளை.
“ஆர்க்கிட். மண் போடாதே” என்றான் ஆ லெங்.
மீதிச் சில்லறையோடு பாடம் முடிந்தது.

எட்டு வாரம் நின்று பூ உதிர்ந்தது.
பிறகு உட்கார்ந்து எண்ணினேன்.
இலையோடு மூன்று.
மொட்டையாய் இரண்டு,
மஞ்சளேறி, சுருக்கம் விழுந்து,
யாரோ பாதி மென்ற கரும்பு போல.
கொட்டி முடித்த வண்டி, இனி எதற்கு இடம் என்று
மீன் நறுக்கும் கத்தியால் ஒன்றை அறுத்தேன்.

வெட்டுவாயில் பச்சை.
ஈரம்.

கத்தியைக் கழுவாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு அதைப் பின்வாசலில்
தேங்காய் மட்டைக் குவியலில் எறிந்தேன்.
செய்த தப்பைக் கண்ணில் படாமல் வைப்பது என் வழக்கம்.

தண்டு ஒருமுறைதான் வளரும்.
இது எனக்குத் தெரிய நான்கு மாதம் ஆனது.
உச்சியில் கடைசி இலையை விரித்துக்
கதவைச் சாத்திக்கொண்டால் அதோடு சரி,
எந்த உரத்துக்கும் ஒரு விரற்கடை கூடாது.
செடி முன்னேற வேண்டுமானால்
அடியில், பக்கத்தில் ஓர் எட்டு வைத்து
இன்னொன்றாய் எழ வேண்டும்.

அப்படி ஒரு முளை எழுந்தது,
கிளிமூக்கு அளவில், வெள்ளை உறை போர்த்தி.
வேர் வருமுன்னே அதற்குப் பசி வந்துவிட்டது.
மிச்சமிருந்த மொட்டைத் தண்டில்
சிவப்புத் தையல் நூல் சுற்றி முடிச்சுப் போட்டேன், சந்தேகத்துக்கு.
மூன்றாம் வாரம் நூல் தொளதொளத்து நழுவியது.
முளை என் சுண்டுவிரலைத் தாண்டியிருந்தது.
ஊட்ட ஊட்ட வற்றுகிறது.
வற்றியதைத்தான் நான்
கிழம் என்று எழுதிவைத்திருந்தேன்.

எடைச்சீட்டின் பின்பக்கத்தில் குறித்த இந்த அளவுகளைப் பார்த்து
“இது எந்தத் தீம்பாரின் குலை?” என்றார் லாரி தர்மசீலன்.
அரை அங்குலம், முக்கால் அங்குலம்.
சிரித்தார். நான் சீட்டைத் திருப்பிக்கொண்டேன்.

புது வேர்கள் பச்சை நுனியோடு
சட்டி விளிம்பைத் தாண்டிய வாரம்
நூல் மறுபடி சற்றே இறுகியது.
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறதா,
வெறும் மழையா, சொல்லத் தெரியவில்லை.
விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, விட்டுவிடு.
காகிதம் போல் நொறுங்கினால் மட்டும் அறு.
இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்
அதிரச அடுப்புக்கு மட்டை பொறுக்கப் போனேன்.
கையில் வந்தது அது.
நான் அறுத்தது.
மேல்கணுவில் ஒரு குட்டி,
இரண்டு இலை, நூல்நூலாய் மூன்று வேர்,
மட்டை நாரை இறுக்கிப் பிடித்தபடி.
ஒரு கை வேகமாய் அள்ளியிருந்தால் தீயில் போயிருக்கும்.
ஊட்டுவதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாதபோது
தன்மீதே ஒன்றை முளைக்கவிட்டிருந்தது.

அன்றிரவு வேலைக்கு அதைக் கொண்டுபோனேன், மட்டையோடு.
மேடை காலியாக இருந்த நேரம் பார்த்து
நாற்பது டன் தாங்கும் இரும்பின் நடுவில் வைத்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்கள்
அசையவில்லை. பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே
எதுவும் இருப்பதாக அது ஒத்துக்கொள்வதில்லை.

பின்னால் ஸைனுதீன் ஹாரன் அடித்தார்.
ஓடிப்போய் எடுத்தேன்.
வண்டி ஏற வேண்டும்.