ஆறு பத்துப் பாணந்துறை வண்டி

கோட்டையின் ஆறு பத்து
இன்றும் ஆறு இருபத்தெட்டுக்குப் புறப்பட்டது.
மூன்றாம் பெட்டி, கடல்பக்கக் கதவடி:
காப்புறுதிக் கந்தோர் நிலாம்டீன்,
பௌதிகம் படிப்பிக்கும் குலவீரசிங்கம்,
களுபோவிலைக்கு இரவு டியூட்டி போகிற செலஸ்டீன் மிஸ்,
கணக்குப் பிரிவு நான்.
உலகம் எப்படித் தொடங்கியதென்று
நாலு வருஷமாய்ப் பேசுகிறோம்.
வெள்ளவத்தையில் நான் இறங்கிவிடுவதால்
முடிவு மட்டும் இன்னும் தெரியாது.

கொம்பனித்தெரு வருமுன்னே
குலவீரசிங்கம் ஆதிக்குப் போய்விடுவார்.
"ஒரு புள்ளி. மிளகிலும் சின்னன்.
அதுக்குள்ள எல்லாம்.
இந்த வண்டி, அந்தக் கடல், உம்மட கம்பெனி."
"கம்பெனிய விடுங்க," என்றார் நிலாம்டீன்,
"அந்த நெரிசல்ல ஆரு லீவு கேக்கிறது?"
செலஸ்டீன் மிஸ் கைப்பையை மடியில் திருத்தினார்:
"மிளகுக்குள்ள இவ்வளவும் அடங்குமாம்,
ஐந்து அப்பத்தில ஐயாயிரம் பேர் சாப்பிட்டதை மட்டும்
மாஸ்டர் நம்பமாட்டாராம்."
"மிளகுக்குச் சமன்பாடு இருக்கு."
"அப்பத்துக்குப் பன்னிரண்டு கூடை மிச்சம் இருக்கு."

புள்ளிக்கு முந்தி என்ன?
முந்தி என்பதே இல்லை, காலமே அங்கேதான் தொடக்கம்.
காலம் இல்லாமல் ஒன்று எப்படி ஓடும்?
"ஏன், இந்த வண்டி ஓடேல்லையா?" என்றேன்.
நாலு வருஷத்தில்
நான் வென்ற ஒரே வாதம் அது.

கொள்ளுப்பிட்டியில் வடைக்காரன் ஏறினான்.
உளுந்து வடை, நாலு.
செலஸ்டீன் மிஸ் ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.
"ஒன்றுமில்லாததில இருந்துதானே எல்லாம்?
ஒன்றுமில்லாதது இந்தா, நடுவில.
மாவை விட்டிட்டு
இந்த ஓட்டையை மட்டும் வாங்கித் தாங்கோ பார்ப்பம்."
குலவீரசிங்கம் வடையை வாங்கி
ஓட்டைக்குள்ளால் கடலை வெகுநேரம் பார்த்தார்.
"சுட்டவரைக் கேப்பமே," என்றார் நிலாம்டீன்.
"அது என்ட நோனா," என்றான் வடைக்காரன்,
"விரல்ல தண்ணி தொட்டுப் போடுறது."
நிலாம்டீன் இரு கைகளையும் விரித்தார், வழக்கு முடிந்ததுபோல.
"அப்ப நோனாவைச் செய்தது ஆர்?"
"நாலுக்கும் முந்நூற்றிருபது, சேர்."

வடை சுற்றிய தாள் யாரோ பிள்ளையின் தவணைச் சோதனை.
சூரியன் எதைச் சுற்றுகிறது?
ஒன்றையும் இல்லை.
பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி.
குலவீரசிங்கம் பேனாவை உருவி
பால்வெளியின் சார்பில் பிழை போட்டார்.
எண்ணெயில் மை பிடிக்கவில்லை.

பம்பலப்பிட்டி கழிய நிலாம்டீன் பேச்சை விட்டார்.
மேற்கையே பார்த்தபடி,
"சிங்கம், இண்டைக்குத் தலைப்பிறை தெரியுமா?"
போனைத் தட்டிக் கணக்குச் சொன்னார் இவர்:
"ஏழு பாகை. சூரியன் போன இடத்துக்குக் கொஞ்சம் மேல.
முகில் விட்டால் தெரியும்."
"அந்த விட்டால்,
அது எத்தனையாவது சமன்பாடு?"
பதில் இல்லை.
நாலு தலைகளும் கதவுக்கு வெளியே.
உப்புக்காற்று, தண்டவாளக் கற்கள்,
கற்களுக்கு அப்பால் கறுக்கத் தொடங்கிய தண்ணீர்.

அப்போது கண்டேன். ஒரு கணம்.
வெட்டி எறிந்த நகத்துண்டு.
அல்லது என் மூக்குக்கண்ணாடியில்
போன மாதம் சாவி உரசிய கீறல்.
"கண்டிட்டன்!"
"வேற ஆரும் கண்டதா?" என்றார் நிலாம்டீன்.
"ஒராள் கண்டால் அது அவதானம் இல்லை," என்றார் குலவீரசிங்கம்.
சொன்ன பிறகுதான்
இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்,
ஒரே குடைக்குள் அகப்பட்ட
பக்கத்துக் காணிக்காரர்கள்போல.
செலஸ்டீன் மிஸ் என் தோளைத் தட்டினார்:
"நான் நம்புறன் பிள்ளை. காணாமலே."

வெள்ளவத்தை.
மிச்ச உலகத்தை அவர்களோடு அனுப்பிவிட்டு
மேடையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
கீறல் இருந்தது.
வலப்பக்கத்தில்.
கண்டது எந்தக் கண்ணால் என்று
நாளைக்குக் கொம்பனித்தெரு வருமுன்னே கேட்பார்கள்.