இருபது டிகிரியில்

டேப்பின் முதல் சாணில்
எறும்பெழுத்தில் அச்சடித்திருக்கிறது:
முப்பது மீட்டர். இருபது டிகிரி. ஐந்து கிலோ இழுவை.
ஜுபைலில் இருபது டிகிரி
ஜனவரியில் சில நாள் வந்து போகும்.
இது ஜூலை. நாற்பத்தொன்பது.

சூட்டில் இரும்பு நீளும்,
முப்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்.
நீண்ட டேப் குறைத்துச் சொல்லும்.
சர்வேயர் ஷெரீஃப் அதைத் தாளில் கூட்டிக்கொள்வார்
பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

நான் பூஜ்யத்தின் ஆள்.
ஆணித்தலையில் பூஜ்யத்தை வைத்து
அசையாமல் பிடித்திருப்பது என் வேலை.
எட்டு வருஷமாகப் பூஜ்யம்.

பலகை அடிக்கும் சவரிமுத்து
"ரெண்டு நூல் ஏத்து" என்பார்.
ஃபோர்மேன் தில்பகதூர்
சுவரில் ஆறு மில்லி என்று எழுதுவான்.
நடுவில் விழுந்த மில்லியின் கால்வாசி
எங்கே போனதென்று யாரும் கேட்டதில்லை.
பைப் இன்னும் அரை இஞ்ச்தான்.
வீட்டிலிருந்து வரும் வாய்ஸ் மெசேஜில்
நிலம் சென்ட்டில், நகை பவுனில்.
ஏர்போர்ட் தராசு மட்டும் கறார்:
முப்பது கிலோ, மேலே போனால் காசு.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை
வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
கேபினுக்குள் ஷெரீஃப் சிமெண்ட் பை காகிதத்தில்
பூமியை வரைந்தார்.
துருவத்திலிருந்து நடுக்கோடு வரை
ஒரு கோடித் துண்டு போட்டால்
ஒரு துண்டு ஒரு மீட்டர்.
எந்த ராஜாவின் முழமும் வேண்டாம்,
மண்ணிலிருந்தே எல்லோருக்கும் ஒரு கோல் என்று
பிரான்சில் இரண்டு பேர் கிளம்பினார்களாம்.
ஏழு வருஷம்.
ஊரெல்லாம் புரட்சி;
கோபுரமேறிக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களை
ஒற்றர்கள் என்று பிடித்தார்கள்.
கடைசியில் பூமி அவர்கள் நினைத்த உருண்டையில்லை.
மீட்டர், மில்லியில் ஐந்திலொன்று குட்டை.
"அதில் ஒருத்தர்
ஒத்துப்போகாத ஒரு கணக்கைச்
சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் தண்ணீர் கேனைத் திறந்து
குடிக்காமல் மூடினேன்.

போன ஆகஸ்டில்
நாலாம் நம்பர் டேங்கின் அடித்தூணுக்கு
ஆணித்தலை சுட்டு விரல் துள்ளியது.
பூஜ்யம் நகர்ந்தது.
பன்னிரண்டு மில்லியோ, பதினாலோ.
முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து
ஓகேயா என்று கை தூக்கினார்.
நானும் தூக்கினேன்.

தூண் நிற்கிறது.
டேங்க் நிற்கிறது.
அதன் நிழலில்தான் தினமும் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறோம்;
நான் மட்டும் கொஞ்சம் தள்ளி, வெயிலோரமாக.

ஷெரீஃப், சூட்டைக் கூட்ட
உங்கள் தாளில் கட்டம் இருக்கிறது.
பிடித்த கையைக் கூட்ட இல்லை.

மூன்று மணி விசில்.
டேப்பின் கொக்கி இன்னும் சுடுகிறது.